கடைசி உறைபனி நாள் தாண்டி நட்டும் தக்காளி நாற்று கருகிவிட்டது. எதை நம்பி நடுவது?

புதுத்தோட்டம்
எல்லோருக்கும் வணக்கம். இது என் தோட்டத்துக்கு இரண்டாவது வருடம். எங்கள் பகுதிக்குக் கடைசி உறைபனி நாள் ஏப்ரல் 24 என்று பட்டியலில் இருந்தது. அதற்கு மேலும் ஒரு வாரம் பொறுத்து, மே 1 அன்று 36 தக்காளி, 12 மிளகாய், 6 வெள்ளரி நட்டேன். எல்லாம் விதையிலிருந்து நானே வளர்த்த நாற்றுகள்.

மே 3 இரவு குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி என்று வானிலை அறிக்கை சொன்னது. பூஜ்யத்துக்கு மேல்தானே என்று மூடாமல் விட்டுவிட்டேன். காலை ஆறரைக்குப் போய்ப் பார்த்தால் இலைகள் கரும்பச்சையாக, வெந்நீரில் முக்கி எடுத்தது மாதிரி கண்ணாடிபோல் தொங்கிக்கொண்டிருந்தன. பத்து மணிக்குள் கறுத்துவிட்டன. வீட்டுச் சுவரை ஒட்டி நட்ட 5 தக்காளி மட்டும் ஒன்றும் ஆகாமல் நிற்கின்றன.

மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. 3 டிகிரியில் எப்படி உறையும்? பட்டியலில் இருந்த தேதியே தவறா? மறுபடி நடுவதென்றால் எதைப் பார்த்து நடுவது?

மழைமானி
உங்கள் வருத்தம் புரிகிறது. அந்தத் தேதி தவறில்லை. அது என்ன சொல்கிறது என்பதைத்தான் பட்டியல் போடுகிறவர்கள் தெளிவாகச் சொல்வதில்லை.

வழக்கமாக 30 வருடப் பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு வருடமும் வசந்தத்தில் கடைசியாக 0 டிகிரியைத் தொட்ட நாளைக் குறிப்பார்கள். பொதுவாகப் போடப்படும் தேதி அந்த நாட்களின் நடு நாள். அதாவது பாதி வருடங்களில் அதற்கு முன்பே உறைபனி நின்றுவிட்டது, மீதிப் பாதி வருடங்களில் அதற்குப் பிறகும் வந்திருக்கிறது. ஏப்ரல் 24 அன்றே நட்டால், நாணயத்தைச் சுண்டிவிட்டு நட்ட மாதிரிதான். பல பட்டியல்களில் 50 விழுக்காட்டுத் தேதிக்குப் பக்கத்தில் 10 விழுக்காட்டுத் தேதியும் இருக்கும். பத்து வருடத்தில் ஒரு வருடம் மட்டுமே அதற்குப் பிறகு உறைபனி வரும் என்று அர்த்தம். அது பெரும்பாலும் இரண்டு வாரம் பிந்தியிருக்கும். தக்காளிக்கும் வெள்ளரிக்கும் நீங்கள் பார்க்க வேண்டிய தேதி அதுதான்.

அடுத்தது அந்த 3 டிகிரி. வானிலை நிலையத்தில் வெப்பமானி தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில், நிழற்கூண்டுக்குள் இருக்கும். உங்கள் நாற்றின் இலை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலை தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இரவுகளில் தரையோரம் கூண்டுக்குள் இருப்பதைவிட 3 முதல் 5 டிகிரி வரை குளிராக இருப்பது சாதாரணம். அறிக்கையில் 3 என்றால் உங்கள் இலையில் பூஜ்யமோ அதற்குக் கீழேயோ இருந்திருக்கும். அன்று இரவு வானம் எப்படி இருந்தது?

புதுத்தோட்டம்
ஒரு துளி மேகம் இல்லை. நட்சத்திரமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. இலைகூட அசையவில்லை. எவ்வளவு அழகான இரவு என்று வெளியில் நின்று பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போனேன்.

மழைமானி
அப்போது அதேதான். மேகம் இருந்தால் அது தரையிலிருந்து போகும் வெப்பத்தை வாங்கித் திருப்பி அனுப்பும். காற்று இருந்தால் மேலே இருக்கும் சற்று வெதுவெதுப்பான காற்றைக் கலக்கிக் கீழே கொண்டுவரும். இரண்டும் இல்லாத இரவில், அறிக்கையில் 4 டிகிரி என்று இருந்தாலே நான் மூடிவிடுவேன்.

நாற்றுக்காரி
தம்பி, முதலில் ஒன்று சொல்கிறேன்: கருகிய செடிகளை இன்றே பிடுங்கிவிடாதீர்கள். நான்கைந்து நாள் விடுங்கள். தக்காளியின் அடித்தண்டை விரல் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாகவும் கெட்டியாகவும் இருந்தால் விதையிலைகள் இருந்த கணுவிலிருந்து புதுத் துளிர் வரும். தண்டு தண்ணீர் கோத்து நசநசவென்று இருந்தால் நம்பிக்கை இல்லை. வெள்ளரியில் நான் ஒன்றுகூடப் பிழைத்துப் பார்த்ததில்லை.

வெயில் ஏறும்போது அதிகத் தண்ணீர் ஊற்றுவது, உரம் போடுவது எதுவும் வேண்டாம். காயம்பட்ட செடியிடம் வேலை வாங்கக் கூடாது.

அப்புறம், எல்லோரும் உறைபனியை மட்டுமே பேசுகிறோம். என் அனுபவத்தில் உறைபனியால் போன செடிகளைவிட, குளிர்ந்த மண்ணால் முடங்கிப்போன செடிகள்தான் அதிகம். மண்ணின் வெப்பநிலையை அளந்தீர்களா?

புதுத்தோட்டம்
இல்லை அக்கா. மண்ணை அளக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

நாற்றுக்காரி
ஒரு சாதாரணக் கம்பி வெப்பமானி போதும். விரல் நீளத்துக்கு, 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் குத்தி, காலை எட்டு மணி வாக்கில் பாருங்கள். மதியம் பார்த்தால் வெயில் சூடு ஏமாற்றிவிடும். நான்கைந்து நாள் தொடர்ந்து ஒரே நேரத்தில் பார்த்து எழுதி வையுங்கள்.

தக்காளி நாற்றுக்குக் காலையில் 15, 16 டிகிரி வர வேண்டும். மிளகாய், கத்தரிக்கு 18. பீன்ஸ், வெள்ளரி, பூசணி விதையாக ஊன்றுவதென்றால் 16 தாண்டட்டும். வெண்டைக்கும் முலாம்பழத்துக்கும் 18-க்குக் கீழே அவசரப்படாதீர்கள், 20 வந்தால் இன்னும் நல்லது.

பீன்ஸில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காய்ந்த விதை முதல் ஒரு நாளில் குடிக்கும் தண்ணீர் சில்லென்று இருந்தால், விதைக்குள் இருக்கும் மென்சவ்வுகள் ஒழுங்காகச் சேராமல் உள்ளே இருக்கும் சர்க்கரை வெளியே கசிந்துவிடும். அதைத் தின்ன மண்ணில் இருக்கும் பூஞ்சைகள் வந்து சேரும். பத்து நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தால் விதை கூழாக இருக்கும். விதை சரியில்லை என்று நினைத்துக்கொள்வோம். தப்பு விதையில் இல்லை, அந்த முதல் நாள் குளிரில்தான்.

தக்காளி அப்படி அழுகாது. நிற்கும், ஆனால் வளராது. வேர் குளிர்ந்தால் பாஸ்பரஸ் எடுக்க முடியாது. இலையைத் திருப்பிப் பாருங்கள், நரம்புகளை ஒட்டி ஊதா நிறம் ஏறியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு உரம் குறைவு என்று உரத்தைக் கொட்டுகிறார்கள். செடி கேட்பது சூட்டை.

மேட்டுநிலம்
சுவரோரம் 5 செடி பிழைத்தது என்றீர்களே, அதில்தான் உங்கள் தோட்டத்தின் வரைபடமே இருக்கிறது.

சுவர் பகலில் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. அதோடு அந்தச் செடிகளுக்கு வானத்தில் பாதி மறைந்திருக்கிறது, அதனால் வெப்ப இழப்பும் குறைவு. மற்ற பாத்திகள் எங்கே இருக்கின்றன? குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கி பள்ளத்தில் தேங்கும். வழியில் வேலியோ அடர்ந்த புதரோ இருந்தால் அதற்கு மேல்பக்கத்தில் அணை கட்டியதுபோல் நிற்கும்.

எனக்குச் சரிவான நிலம். மேல் பாத்திக்கும் கீழ் மூலைக்கும் உயர வித்தியாசம் 4 மீட்டர்கூட இருக்காது. ஆனால் அமைதியான இரவில் கீழ் மூலை 2 டிகிரி கூடுதலாகக் குளிரும். இருபது வருடமாகக் கீழ் மூலையில் முட்டைக்கோஸும் பட்டாணியும் மட்டும்தான் போடுகிறேன். மிளகாய் எப்போதும் மேலே.

புதுத்தோட்டம்
ஐயா, படித்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன். என் பாத்திகள் தோட்டத்தின் தாழ்ந்த பக்கம், அடர்ந்த உயிர்வேலிக்கு இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. தண்ணீர் நன்றாகத் தங்கும் என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

மேட்டுநிலம்
வேலியின் அடியில் ஓரிரண்டு இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கிளைகளைக் கழித்து விடுங்கள். குளிர்காற்று வழிந்து போக வாசல் கிடைக்கும். முழுதாக வெட்ட வேண்டாம், காற்றுத் தடுப்பாக உங்களுக்கு அது தேவை.

கொடிப்பந்தல்
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லோரும் பொறு, பொறு என்கிறீர்கள். வளரும் காலம் நீளமாக இருக்கிறவர்களுக்கு அது சரி. எனக்குக் கடைசி உறைபனிக்கும் முதல் உறைபனிக்கும் நடுவே சுமார் 115 நாள்தான். 10 விழுக்காட்டுத் தேதி வரை காத்திருந்தால் இரண்டு வாரம் போய்விடும். 80 நாள் தக்காளி அப்புறம் எப்போது பழுப்பது?

அதனால் நான் பட்டியல் தேதிக்குப் பத்து நாள் முன்பே நடுகிறேன், மூடி நடுகிறேன். வளைகம்பி வைத்து மேலே நெய்யாத வெள்ளைத் துணி. மெல்லிய துணி ஒன்றிரண்டு டிகிரி காக்கும், கனமானது 3, 4 டிகிரி வரை காக்கும். பாத்திக்குக் கறுப்பு பிளாஸ்டிக் தாள் மூடாக்கை இரண்டு வாரம் முன்பே விரித்து ஓரத்தை மண்ணால் அடைத்துவிடுவேன். மண்ணோடு ஒட்டி இழுத்துக் கட்டினால்தான் சூடு இறங்கும். இடையில் காற்று இருந்தால் தாள் மட்டும் சுடும், மண் சுடாது. பிளாஸ்டிக் தாளை மேலே போர்த்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது: அது இலையைத் தொட்ட இடமெல்லாம் கருகும்.

இப்படித்தான் ஒன்பது வருடமாகச் செய்கிறேன். இரண்டு வருடம் நட்டம். ஏழு வருடம் முன்கூட்டியே அறுவடை.

நாற்றுக்காரி
கொடிப்பந்தல், உங்கள் கணக்கை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் மண்ணையும் சூடாக்கிவிட்டுத்தானே நடுகிறீர்கள்? அப்படியானால் நாம் சொல்வது ஒன்றுதான். மேலே துணியைப் போட்டுக் கீழே 11 டிகிரி மண்ணில் நடுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஒரு வருடம் ஒரே தட்டில் வளர்ந்த நாற்றுகளைப் பிரித்து, பத்தை முன்கூட்டி மூடி நட்டேன், மண்ணைச் சூடாக்கவில்லை. பத்தை மூன்று வாரம் கழித்து நட்டேன். முதல் பழம் எந்தப் பக்கம் எப்போது வந்தது என்று குறித்து வைத்தேன். மூன்று வாரம் முன்னே நட்டதற்குக் கிடைத்த லாபம் ஐந்தே நாள். அதற்குள் எத்தனை இரவு எழுந்து போய் மூடினேன், எத்தனை காலை ஓடிப்போய்த் திறந்தேன்! இரவு 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளிப் பூவில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, சீக்கிரம் பூத்தாலும் பூ உதிரும். பின்னால் நட்ட பத்தும் ஒரு நாள்கூட நிற்காமல் வளர்ந்தன.

கொடிப்பந்தல்
ஐந்து நாளா! நான் இதுவரை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அடுத்த வருடம் ஒரு பாத்தியைப் பிந்தி நட்டுப் பார்க்கிறேன். சூடாக்கிய மண்ணில் வித்தியாசம் கூடும் என்று இன்னமும் நம்புகிறேன், எண்ணோடு வந்து சொல்கிறேன்.

ஆனால் ஒன்று சேர்க்கிறேன். வளரும் காலம் குட்டையானவர்கள் முதலில் ரகத்தை மாற்ற வேண்டும். 55, 60 நாள் ரகங்கள் இருக்கின்றன. பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் தக்காளி, மிளகாய்க்கு நாற்று நட்ட நாளிலிருந்து எண்ணுவது. பீன்ஸ், வெள்ளரிக்கு விதைத்ததிலிருந்து. இதைக் குழப்பிக்கொண்டு நானே முதல் வருடம் இரண்டு மாதம் தப்பாகக் கணக்குப் போட்டேன்.

விதைப்பெட்டி
இடையில் ஒரு கேள்வி. என் நாற்றுகள் வீட்டுக்குள் இப்போதே முழங்கை உயரம், ஒல்லியாக வளைந்து நிற்கின்றன. நடவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என்ன செய்வது?

நாற்றுக்காரி
சீக்கிரம் விதைத்துவிட்டீர்கள், வெளிச்சமும் குறைவு. தக்காளி என்றால் பெரிய தொட்டிக்கு மாற்றி, முதல் இலைக்கூட்டம் வரை தண்டை மண்ணுக்குள் புதையுங்கள். புதைந்த தண்டெல்லாம் வேர் விடும். மிளகாய், கத்தரிக்கு அந்த அளவு வேர் வராது, பழைய ஆழத்திலேயே வையுங்கள்.

அடுத்த முறை நடவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தக்காளிக்கு 6 முதல் 8 வாரம், மிளகாய், கத்தரிக்கு 8 முதல் 10, வெள்ளரி, பூசணி வகைக்கு 3 வாரம் தாராளம். அந்தக் கொடிகளுக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது, வயதான நாற்றைவிட நேரடி விதைப்பே மேல். எண்ணத் தொடங்க வேண்டியது உறைபனித் தேதியிலிருந்து இல்லை, நீங்கள் உண்மையில் நடப்போகும் நாளிலிருந்து. இரண்டு தேதிக்கும் நடுவே வரும் அந்த இரண்டு வாரத்தில்தான் நாற்று இப்படி நெட்டையாகிறது.

வெளியில் பழக்குவதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, பத்து நாளில் முழு வெயிலுக்கும் காற்றுக்கும் வந்துவிட வேண்டும். ஜன்னலோரம் வளர்ந்த இலை நேரடி வெயிலில் ஒரே மதியத்தில் வெளுத்துக் காகிதமாகிவிடும். அதையும் பலர் குளிர் என்றே நினைக்கிறார்கள்.

புதுத்தோட்டம்
ஒரு வாரக் கணக்கு சொல்கிறேன். அக்கா சொன்னபடி பிடுங்காமல் விட்டதில் 31 தக்காளியில் 9 செடி அடிக்கணுவிலிருந்து துளிர்த்திருக்கின்றன! முதல் துளிர் கடுகு அளவுக்குத்தான் இருந்தது, பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மிளகாயும் வெள்ளரியும் போய்விட்டன.

மூன்று வெப்பமானி வைத்தேன்: ஒன்று சுவரோரம், ஒன்று தாழ்ந்த பாத்தியில் இலை உயரத்தில், ஒன்று வீட்டின் மேல்பக்கம். நேற்று விடியற்காலை அறிக்கையில் 6 டிகிரி. சுவரோரம் 7, மேல்பக்கம் 5, தாழ்ந்த பாத்தியில் 2. என் தோட்டத்துக்குள்ளேயே 5 டிகிரி வித்தியாசம். மண் காலையில் 12 டிகிரி. உறைபனியே வராமல் இருந்திருந்தாலும் நான் அவசரப்பட்டுத்தான் இருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

மாலையிலேயே அன்றைய இரவு மோசமாக இருக்குமா என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

மழைமானி
அருமையான பதிவு. அந்தத் தாழ்ந்த பாத்தி அறிக்கையைவிட 4 டிகிரி குறைவு என்பதைக் குறித்து வையுங்கள். இனி வானம் தெளிந்த இரவுகளில் அறிக்கை எண்ணிலிருந்து 4-ஐக் கழித்தால் உங்கள் பாத்தியின் எண் ஏறத்தாழ வரும்.

மாலையில் பனிநிலை வெப்பநிலையைப் பாருங்கள், காற்றில் இருக்கும் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை அது. பல வானிலைச் செயலிகளில் இருக்கும். மாலையில் அது 6, 7 என்று இருந்தால் இரவில் அந்த அளவுக்கு வந்ததும் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும். படியும்போது வெப்பம் வெளியாகும், குளிர்வது மெதுவாகிவிடும். அதுவே -4 என்று இருந்தால் காற்று காய்ந்து கிடக்கிறது, தடுக்க எதுவும் இல்லை. பகலில் இதமான வெயில் அடித்தாலும் அன்று இரவு மூட வேண்டும்.

மூடுவதைச் சூரியன் மறைவதற்குள் செய்யுங்கள். போர்வை தானாகச் சூடு தராது, மண்ணிலிருந்து வருவதைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அதனால் தரை வரை இறங்கியிருக்க வேண்டும், மேலே செடித் தலையில் முடிச்சுப் போட்டுக் கட்டினால் பயனில்லை. மதியமே மண்ணை நனைத்து வையுங்கள். ஈரமண் பகல் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும். பாத்தியில் காய்ந்த வைக்கோல் மூடாக்கு இருந்தால் அந்த ஓரிரு இரவுக்கு ஒதுக்கி விடுங்கள், அது மண்ணின் சூட்டை இலைக்கு வரவிடாது. மிகக் குறைந்த வெப்பநிலை நள்ளிரவில் வருவதில்லை, சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான் வரும். பத்து மணிக்குப் பார்த்து 5 டிகிரி இருக்கிறது என்று தூங்கப் போகாதீர்கள்.

இதெல்லாம் அமைதியான இரவுக்கு. பெரிய குளிர்காற்று அலை பகலிலிருந்தே வீசி வருகிறதென்றால் துணி அதிகம் உதவாது. அந்த மாதிரி முன்னறிவிப்பு இருந்தால் நடாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

விதைப்பெட்டி
பூஜ்யம் வந்தால் கட்டாயம் உறையுமா? ஒருமுறை -1 போயும் என் செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மழைமானி
கட்டாயம் இல்லை. தண்ணீர் உறைய ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். அது கிடைக்காவிட்டால் பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி வரைகூட இலை உறையாமல் இருக்கும். பல நேரம் அந்தத் தொடக்கத்தைக் கொடுப்பது சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா. அதன் மேல்தோலில் இருக்கும் ஒரு புரதம் -2 டிகிரி வாக்கிலேயே பனிப் படிகத்தைத் தொடங்கி வைக்கும். அந்தப் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய பாக்டீரியாவை 1987-ல் கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெரிச் செடிகள் மேல் தெளித்துச் சோதித்தார்கள். நம் தோட்டத்துக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒருமுறை தப்பித்ததை வைத்து அடுத்த முறையும் தப்பும் என்று கணக்குப் போடக் கூடாது.

மேட்டுநிலம்
தம்பி, இன்னொரு முனையையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்து முதல் உறைபனித் தேதியும் அதே மாதிரி பாதிக்குப் பாதிதான். அதற்கு ஐந்து வாரம் முன்பு தக்காளியின் நுனிகளைக் கிள்ளி விடுங்கள். அதற்குப் பிறகு வரும் பூ பழமாகாது, இருக்கும் காய்களுக்காவது சத்துப் போகட்டும். பிந்தி விதைக்கும் பீன்ஸுக்குப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நாளோடு இரண்டு வாரம் கூட்டுங்கள். பகல் குறுகும்போது எல்லாம் மெதுவாகத்தான் வளரும்.

புதுத்தோட்டம்
குறித்துக்கொண்டேன் ஐயா. கடைசியாக நிலவரம் சொல்லிவிடுகிறேன்.

வேலியில் இரண்டு இடத்தில் அடிக்கிளைகளைக் கழித்தேன். அடுத்து வந்த தெளிந்த இரவில் தாழ்ந்த பாத்திக்கும் அறிக்கைக்கும் வித்தியாசம் 4-லிருந்து 3 ஆகக் குறைந்தது. ஒரே இரவுதான், இன்னும் பார்க்க வேண்டும். கொடிப்பந்தல் சொன்ன மாதிரி கறுப்புத் தாளை மண்ணோடு இழுத்துக் கட்டினேன். எட்டு நாளில் காலை நேர மண் 12-லிருந்து 15.5 வந்தது. தாள் போடாத பாத்தி 13.5-ல்தான் நிற்கிறது.

மே 19 அன்று தக்காளி மட்டும் நட்டேன். பதின்மூன்று புது நாற்று, துளிர்த்த ஒன்பதும் பழைய இடத்திலேயே. மிளகாய்க்கு விதை போட இனி நேரமில்லை, பக்கத்துத் தோட்டக்காரர் தன்னிடம் மிஞ்சிய எட்டு நாற்றைக் கொடுத்தார். அவை இன்னும் தொட்டியிலேயே சுவரோரம் நிற்கின்றன. மண் 18 காட்டட்டும், நடுகிறேன். வெள்ளரி விதையைத் தாளில் ஓட்டை போட்டு நேற்று ஊன்றினேன்.

நாற்றுக்காரி
அந்த ஒன்பதில் ஒவ்வொரு செடியிலும் இரண்டு மூன்று துளிர் வந்திருக்கும். திடமான ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள் தம்பி. கொஞ்சம் பிந்தும், ஆனால் காய்க்கும். வெள்ளரி முளை வந்ததும் எழுதுங்கள்.

புதுத்தோட்டம்
ஏழாம் நாள் காலை. ஆறு குழியில் ஐந்தில் வெள்ளரி முளைத்துவிட்டது அக்கா. ஒன்றின் தலையில் விதைத்தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண் 17.